கடைசி பெஞ்சுக்கு வரும் அர்த்தம்

சாக்பீஸ் முன்பெஞ்சிலிருந்து கிளம்பிவிட்டது. பர்னபாஸ் சார் அதை லோகநாதன் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கரும்பலகையில் "மேக் அப்" என்று எழுதியிருந்ததன் அடியில் இன்னொரு துண்டால் ரெண்டு கோடு இழுத்து, "யெஸ் யெஸ் யெஸ், இதுக்கு எத்தனை அர்த்தம் இருக்கோ அத்தனையும் இன்னைக்கு வெளிய வந்தாகணும், ஒளிச்சு வச்சா விடமாட்டேன்" என்றபோது, அந்த மூணு யெஸ்ஸையும் எப்போதும் சாருக்கு ஒரு நொடி முந்தியே உதட்டசைவில் சொல்லி முடித்துவிடுகிற அமலிக்கு இன்றைக்கு அரை யெஸ்கூட வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சம்யுக்தாவின் கைக்கடிகாரத்தை. ரெண்டு பெஞ்சு தள்ளி, நஸ்ரினுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற சம்யுக்தா. கறுப்பு வார் வைத்த ஒல்லிக் கடிகாரம். போன வாரம் வரை வலது கையில் இருந்தது. ஊரெல்லாம் இடது கையில் கட்டும்போது இந்த மகாராணிக்கு மட்டும் வலது கை. இன்றைக்கு அது இடது கைக்கு மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்று இந்த அறையில் ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் தெரியும், அந்த ஜீவன் கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தன்னுடைய வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தது. நஸ்ரின் சிரிக்கும்போது சத்தமே வராது. மூச்சு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், தோள் ரெண்டும் குலுங்கும், கண் மூடும், மாடியிலிருந்து விழப்போகிறவள் மாதிரி பக்கத்தில் இருக்கிற மணிக்கட்டைச் சப்பென்று பிடிப்பாள், நகம் பதியும். அந்தப் பிடிக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எட்டாம் வகுப்பிலேயே கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டவள் அமலி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், நாலு சின்னப் பிறை, உறையூர் வருவதற்குள் மறைந்துவிடும், மறையாமல் இருந்தால் அன்றைக்கு அவளைச் சிரிக்க வைக்கப் பண்ணிய மிமிக்ரிக் குரல் பிரமாதம் என்று அர்த்தம். இப்போது சம்யுக்தாவும் கடிகாரத்தை மாற்றிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்துவிட்டாள், இங்கே இடம் விட்டு வைக்க வேண்டும் என்று.

"முகத்துக்குப் பவுடர் போடறது சார்" என்றான் லோகநாதன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார், "அது பெயர்ச்சொல்லுடா தம்பி, நான் வினை கேட்டேன், சரி சரி, முகத்தை மேக் அப் பண்ணுன்னு வச்சுக்கிறேன், பங்காளி சொல்லு" என்றார். பர்னபாஸ் சாருக்கு சினானிம் எல்லாம் பங்காளிகள். ஒரே வீட்டில் பிறந்து ஒரே சொத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள், ஒருத்தன் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தன் உட்காரலாம், ஆனால் யாருக்கும் முழுதாகப் பொருந்தாது என்பார். சாக்பீஸ் கைக்கு வந்தவர்கள் தமிழில் ஒரு பொருள் சொல்ல வேண்டும், இங்கிலீஷில் ஒரு பங்காளி சொல்ல வேண்டும், பிறகு ஒரு வாக்கியம். ஒருத்தர் எடுத்த அர்த்தத்தை அடுத்தவர் தொடக்கூடாது. வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். அதில்தான் சார் கறார். பசு புல் தின்கிறது என்றெல்லாம் அளக்கக்கூடாது, உன் வீட்டில், உன் தெருவில், உனக்கு நடந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் நிற்காது என்பார். பங்காளி. ஒருத்தி உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தி. லோகநாதன் ஏதோ டெக்கரேட் என்று முனகிவிட்டு, தன் அக்காவுக்குக் கல்யாணத்தன்று மேக்கப் போட வந்த அம்மாள் சாயங்காலம் வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்ததாகவும் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டதாகவும் சொன்னான். நஸ்ரின் தோள் குலுங்கியது. அமலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கை போகிறதா, அந்தப் பக்கம் போகிறதா. லேசாகத்தான் குலுங்கியது, கை எழவில்லை. லோகநாதனை எல்லாம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

சாக்பீஸ் இன்பரசனுக்குப் போனது. இந்த மாடி வகுப்பறைக்குக் கீழே பேக்கரியில் பப்ஸ் எடுக்கிற நேரம், வெண்ணெயும் முட்டையும் மாடிப்படி ஏறி ஜன்னல் வழியாக வந்து எல்லார் மூக்கிலும் உட்கார்ந்தது. அமலிக்கு அந்த வாசனை வந்தாலே மாடிப்படி ஞாபகம் வருகிறது, மாடிப்படி ஞாபகம் வந்தால் சனிக்கிழமை ஞாபகம் வருகிறது. வேண்டாம். இன்பரசனைக் கவனி. இன்பரசன், "சேர்ந்து ஒண்ணாகறது சார், பங்காளி ஃபார்ம், எங்க தெருவில ஏழு பேர்தான் மேக் அப் எ டீம் சார், மிச்ச நாலு பேரைப் பக்கத்துத் தெருவில கடன் வாங்குவோம்" என்றான். சேர்ந்து ஒன்றாவது. எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு ஜோடி? ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர்? மூணு பேர் உட்காரலாம், தாராளமாக உட்காரலாம், அந்த ரெண்டாவது பெஞ்சில் இப்போதும் வலது ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் பளபளவென்று காலியாகக் கிடக்கிறது. பொங்கல் லீவு முடிந்து சம்யுக்தா முதல் நாள் வந்தபோது சார்தான் ஆரம்பித்து வைத்தார். "நஸ்ரின், புதுப் பொண்ணு, அப்பாவுக்கு மாற்றலாகி வந்திருக்காங்க, கொஞ்ச நாள் பக்கத்துல உட்கார்ந்து பழக்கி விடும்மா." கடைசி பெஞ்சில் அமலி பக்கத்திலிருந்து பையை எடுத்துக்கொண்டு எழுந்த நஸ்ரின் திரும்பி, "ஒரு வாரத்துக்குத்தான்டி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத" என்றாள். மூஞ்சியை யார் தூக்கி வைத்துக்கொண்டார்கள்? அமலி உடனே சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கண்டக்டராக மாறி, "சத்திரம் சத்திரம் சத்திரம், இறங்கறவங்க இறங்கிக்கம்மா, வண்டி நிக்காது" என்று கத்தினாள். நஸ்ரின் சிரித்துக்கொண்டேதான் போனாள், போகிற அவசரத்தில் பிடிக்க மணிக்கட்டு இல்லாமல் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு இறங்கினவள்தான். வண்டி கடைசி பெஞ்சிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இதில் வயிறு எரிகிற சங்கதி என்னவென்றால், சம்யுக்தாவுக்குச் சிரிக்க வைக்கவே தெரியாது. அதுதான் அமலிக்கு ஜீரணமாகவில்லை. அவளும் ஒரு குரல் பண்ணுகிறவளாக இருந்தால் மோதிப் பார்க்கலாம், நீ ஒரு வாட்ச்மேன் பண்ணு, நான் ஒரு வாட்ச்மேன் பண்ணுகிறேன், யாருடைய வாட்ச்மேனுக்கு அதிகமாக இருமல் வருகிறது பார்க்கலாம் என்று களத்தில் இறங்கலாம். அந்தப் பெண் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்று, "ஐயோ, கடைசியில என்ன ஆச்சுன்னு மறந்துட்டேனே" என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரலில் சொல்லும். அதற்கு நஸ்ரின் சிரிக்கிறாள். முடிவில்லாத ஜோக்குக்குச் சிரிக்கிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர், இஸ்திரிக்காரர், மாதா கோயிலில் அறிக்கை வாசிக்கிற சூசை அண்ணன், நஸ்ரினுடைய சொந்த வாப்பா, "ஏம்மா, குடை எங்கம்மா, குடைக்குள்ள நீ இருக்கியா, உனக்குள்ள குடை இருக்கா" என்று வாசலில் நின்று கேட்கிற அந்த வாப்பா குரல், இத்தனை பேரைத் தொண்டைக்குள் குடி வைத்துச் சோறு போட்டு வளர்த்து, ஒவ்வொருத்தரையும் நஸ்ரின் ஒருத்திக்காகத்தான் அமலி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது ஒருத்தி வந்து எதையோ மறந்து போகிறாள், அதற்கு நாலு பிறை. அந்தத் தலையணைக் குரலையும் அமலி பிடித்துவிட்டாள், மூன்றே நாளில். பிடித்தது சிரிக்க வைக்கத்தான் என்று முதலில் நினைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று, நாக்கைக் கொஞ்சம் தடிப்பாக்கி, ஒவ்வொரு வார்த்தையின் கடைசியிலும் ஒரு கொட்டாவியை வைத்தால் சம்யுக்தா வந்துவிடுகிறாள். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருடி அங்க, புதுசா யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?" என்று கேட்டாள். அவ்வளவு சுத்தம். அம்மா அடிக்கடி சொல்வதுண்டு, ஒரு நாளைக்காவது உன் வாயால பேசித் தொலைடி என்று. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒருமுறை ஃபாதர் "சொல்லும்மா" என்றதும் ஃபாதரின் குரலிலேயே "சொல்கிறேன்" என்று வாய்வரை வந்துவிட்டது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கரண்ட் போனது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் அங்கேதான் போய் நிற்கிறது மனசு, தேய்ந்த படியில் கால் தானாகப் போய் விழுகிற மாதிரி. வகுப்பு புழுங்க, எல்லோரும் இருட்டில் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சம்யுக்தாவின் அப்பா ஸ்கூட்டரில் வந்து அவளை முதலிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டதைப் பார்த்தது அமலி மட்டும்தான். நஸ்ரின் கீழ்ப்படியில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அமலி மேலே திருப்பத்தில். யாரும் பக்கத்தில் இல்லை, பப்ஸ் வாசனைதான் கூட இருந்தது. நாக்கைத் தடிப்பாக்கினாள், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினாள், போனில் யாரிடமோ பேசுகிற தோரணையில் தலையணைக் குரலை எடுத்து இருட்டுக்குள் விட்டாள். "ஆமாப்பா, நஸ்ஸுதான். பாவம், அப்பாவி. நோட்ஸ் நல்லா எழுதுவா, அதுக்குத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கேன். ஆனா அவ சிரிக்கிறதைப் பார்க்கணுமே, மூச்சே வராது, வலிப்பு வந்த மாதிரி இழுத்துக்கும், பயமா இருக்கும்ப்பா." வலிப்பு. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? நோட்ஸ் வரைக்கும்தான் யோசித்து வைத்திருந்தாள். அதற்கு மேல் குரலே தானாகப் பேசியது. இந்த உலகத்திலேயே தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்தது குரல். கீழே செருப்புச் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் ஒரு செருப்பு, இன்னொரு செருப்பு, தெருவுக்குப் போய்விட்டது. நல்லா வேணும், இனிமே உட்காருவியா அவ பக்கத்துல, என்று அமலி இருட்டில் சிரித்தாள், மணிக்கட்டைத் தானே ஒருமுறை பிடித்துக்கூடப் பார்த்துக்கொண்டாள். நேற்று ஞாயிறு, பூசையில் சூசை அண்ணன் அறிக்கை வாசித்தபோது வாயசைக்காமல் நல்ல பிள்ளையாக இருந்தாள். இன்றைக்கு முன்னதாகவே வந்து கடைசி பெஞ்சைத் துடைத்து, பக்கத்தில் இடம் விட்டு, பையைக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நஸ்ரின் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. கடைசி பெஞ்சு பக்கம் பார்க்காமல் நேரே போய் சம்யுக்தா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எப்படி உட்கார்ந்தாள்? காது கேட்கவில்லையா? கேட்டிருக்கிறது, செருப்பு நின்றதே. கேட்டும் மன்னித்துவிட்டாளா? அப்படியானால் அது இன்னும் மோசம். தன் பேனாவை அமலி ஒருமுறை உடைத்ததற்கே ரெண்டு நாள் பேசாமல் இருந்தவள் நஸ்ரின், சம்யுக்தா வலிப்பு என்று சொன்னதற்கு ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்கவில்லையே, அவ்வளவு உசத்தியா அவள்? ஒருவேளை சம்யுக்தாவிடமே கேட்டிருப்பாளோ, நீ அப்படிச் சொன்னியா என்று? சம்யுக்தா தலையணையில் முகம் புதைத்து, ஐயோ நான் வீட்டுக்குப் போயிட்டேனே என்று சொல்லியிருப்பாளோ? அப்படிக் கேட்டிருந்தால் சம்யுக்தா ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருப்பாள். அவள் திரும்பவில்லை. பென்சிலை மூக்கின் மேல் நிறுத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவுமே தெரியாது. அப்புறம் எப்படி உட்கார்ந்தாள்? கேட்டும் உட்கார்ந்தாள், கேட்காமலும் உட்கார்ந்தாள், எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தப் பெஞ்சில் ரெண்டு முதுகு.

சாக்பீஸ் சம்யுக்தாவிடம் வந்துவிட்டது. "முடிவு பண்ணுறது சார்" என்று கொட்டாவிக் குரலில் ஆரம்பித்தாள். "பங்காளி வந்து டிசைட். வாக்கியம்... அப்பாவுக்கு மறுபடி டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு சார். பட் ஐ ஹேவ் மேட் அப் மை மைண்ட். ஐ வில் ஸ்டே ஹியர் இன் ஹாஸ்டல். பிகாஸ் நஸ்ரீன் இஸ் ஹியர்." சார், "உண்மையா?" என்றார். "உண்மை சார், நேத்துதான் வீட்டுல சண்டை போட்டேன்" என்றாள். ஊரை விட்டுப் போகப்போகிறாள் என்று ஒரு கண நேரம் அமலியின் நெஞ்சுக்குள் வெடித்த வெடி அப்படியே நமுத்தது. போகவில்லையாம். ஹாஸ்டலில் இருப்பாளாம். நஸ்ரீன் இருக்கிறாளாம். நஸ்ரீன்! பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, ரீ என்று ரப்பர் மாதிரி இழுப்பாள், நஸ்ரீன் நஸ்ரீன் என்று எப்போது பார்த்தாலும், ஒருநாளாவது... அமலியின் மனசு அங்கே எதிலோ தடுக்கிக்கொண்டது. நஸ்ரீன். அவள் எப்போதுமே நஸ்ரீன் என்றுதான் கூப்பிடுவாள். மாடிப்படியில் இவள் என்ன சொன்னாள்? ஆமாப்பா, நஸ்ஸுதான். நஸ்ஸு. நாக்கு தடிப்பாக இருந்தது, கொட்டாவி இருந்தது, மூச்சுகூட அவளுடையதாகவே இருந்தது, பெயர் மட்டும் இவளுடையது. ஆறாம் வகுப்பில் டிபன் பாக்ஸ் திறக்க முடியாமல் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு இவள் வைத்த பெயர், வீட்டில்கூட யாருக்கும் தெரியாத பெயர், இந்த உலகத்தில் ஒரே வாயிலிருந்து வரும் பெயர். எத்தனை பேரைப் பிடித்த தொண்டை. பிசகாத தொண்டை. முதல் வார்த்தையிலேயே பிசகியிருக்கிறது. நஸ்ரின் அந்தச் செருப்பைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தது சம்யுக்தா பேசியதைக் கேட்டு இல்லை. அமலி பேசியதைக் கேட்டு. வலிப்பு வந்த மாதிரி என்று அமலி சொன்னதைக் கேட்டு.

 ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா தெரியவில்லை. அதனால்தான் நஸ்ரின் அங்கே போய் உட்கார்ந்தாள். பொய் என்று தெரிந்ததால் சம்யுக்தா பக்கத்திலும், பொய் யாருடையது என்று தெரிந்ததால் இந்தப் பக்கம் பார்க்காமலும். யாரிடமும் சொல்லவில்லை. சம்யுக்தாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சண்டைக்கு வந்திருப்பாள், இவளும் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் குரலை எடுத்துச் சமாளித்திருப்பாள். சாக்பீஸ் நஸ்ரின் கைக்குப் போனது. மிச்சம் இருப்பது மூணு அர்த்தம், அமலி எண்ணிப் பார்த்தாள். ஈடு கட்டுவது. சண்டை தீர்ந்து பழம் விடுவது. இல்லாததை இட்டுக்கட்டுவது. நஸ்ரின், பழம் விடுவதை எடுக்காதே, அதை எடுத்து வேற யார் வீட்டுச் சண்டையையாவது சொல்லாதே. இட்டுக்கட்டுவதையும் எடுக்காதே, எல்லார் முன்னாலும் என்னைச் சொல்லாதே. நஸ்ரின் எழுந்து நின்றாள். "ஈடு கட்டுறது சார். பங்காளி காம்பன்சேட்."  "ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கமில்ல. ஐ ஹேவ் டு மேக் அப் ஃபார் இட்." சார், "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றாள். சம்யுக்தா கடிகாரம் இல்லாத கையைக் கொண்டுபோய் அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தாள், பிடித்துக்கோ என்பது போல. நஸ்ரின் பிடிக்கவில்லை. அதைப் பார்த்தும் அமலிக்குச் சந்தோஷம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தாள், இல்லை.

மூன்றாவது பெஞ்சில் ரொசாரியோ தனி ஆள். மழைத்தூறலுக்குப் பயந்து மற்றவர்கள் வரவில்லை. ரொசாரியோவுக்கு அப்புறம் இவள். அவன் எதை எடுக்கிறானோ அது போக மிச்சம் இவளுக்கு. ரொசாரியோ, புண்ணியமாகப் போகும், இட்டுக்கட்டுவதை எடுத்துக்கோ, நீ தினமும் வீட்டுப்பாடம் எழுதாததற்கு ஒரு கதை சொல்லுவாயே, ஒருநாள் ஆடு தின்றது, ஒருநாள் மாமா செத்துப்போனார், அந்த மாமாவையே சொல்லு. பழம் விடுவதை எனக்கு விடு. நான் நஸ்ஸுவைப் பார்த்து ஒரு அழகான வாக்கியம் சொல்லிக்கொள்கிறேன், அவள் வாப்பா குரலில், குடை குரலில் சொன்னால் சிரித்துவிடுவாள். ரொசாரியோ தலையைச் சொறிந்தான். "சமாதானமாகறது சார்! பங்காளி, ரீகன்சைல். எங்கப்பாவும் அம்மாவும் தீபாவளிக்குச் சண்டை போட்டு, கிறிஸ்துமஸுக்கு மேக் அப் ஆனாங்க சார். நடுவுல என் கையிலதான் சார் பேச்சுவார்த்தை. 'உங்கப்பாவைச் சாப்பிடச் சொல்லுடா', 'உங்கம்மாவை எடுத்து வைக்கச் சொல்லுடா.'" வகுப்பு சிரித்தது. சாக்பீஸ் கடைசி பெஞ்சுக்கு வந்தது. எத்தனை கை மாறி வந்ததில் ஈரமாக, நுனி மழுங்கி, விரல்கடை நீளம்கூட இல்லாமல் அமலியின் உள்ளங்கையில் விழுந்தது.

லோகநாதன் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். இன்பரசன் பெஞ்சின் மேலேயே முழங்காலிட்டான். அமலி முறை வந்தால் எல்லோரும் திரும்புவார்கள், எந்தக் குரலில் சொல்லப்போகிறாள் என்று கண்டுபிடிக்கிற ஆட்டம், பர்னபாஸ் சாரே ஜன்னலில் சாய்ந்துகொண்டு ரசிப்பார். "கண்டக்டர்! கண்டக்டர்ல சொல்லு!" "இல்லடா, நம்ம சாரையே பண்ணட்டும்!" சம்யுக்தா திரும்பிக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள், இவளைப் போய் எப்போதும் அப்படி ஆசையாகப் பார்க்கிறதே அந்தப் பெண், வாயைத் திறந்துகொண்டு. திரும்பாதது ஒரு முதுகுதான். அமலி எழுந்தாள். "இட்டுக்கட்டறது" என்றாள். "பங்காளி, கன்காக்ட்." வாக்கியம். உண்மையான வாக்கியம். தொண்டைக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். கண்டக்டர் வரவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் வரவில்லை. நஸ்ரின் வாப்பா குடையை மடக்கிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். ஃபாதர், இஸ்திரிக்காரர், சூசை அண்ணன், ஒருத்தரும் இந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரச் சம்மதிக்கவில்லை. தலையணைக் குரல் மட்டும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது, அதை அவள் உள்ளே தள்ளிச் சாத்தினாள். அப்புறம் அங்கே யாருமில்லை. யாருமில்லாத இடத்திலிருந்து கரகரவென்று, மூக்கடைத்த மாதிரி, எங்கே ஏறுவது எங்கே இறங்குவது தெரியாமல் ஒன்று வந்தது.

"சனிக்கிழமை, இருட்டுல கேட்டது... ஐ மேட் இட் அப், நஸ்ஸு."

 லோகநாதன், "டேய், யாருடா இது? லைப்ரரி மிஸ்ஸா?" என்றான். "இல்லடா, பேக்கரி அக்கா. சளி பிடிச்ச பேக்கரி அக்கா." "போடா, இது டிவியில வர்ற யாரோ." சம்யுக்தா நஸ்ரினின் தோளை உலுக்கி, "நஸ்ரீன், யாரு இது, சொல்லேன், சூப்பரா இருக்கு, இந்த வாய்ஸை நான் கேட்டதே இல்ல" என்றாள். நஸ்ரினின் வலது கை பெஞ்சின் மேல் எதையும் பிடிக்காமல் விரிந்து கிடந்தது. அவள் திரும்பவில்லை.

"அது யாருமில்ல" என்றாள். "அமலி."